பழைய அணு உலையை முதலில் கணினியில் பிரித்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2024 ஆகஸ்ட் 22. ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலைக்குள் உருகிக் கிடக்கும் எரிபொருளில் ஒரு துணுக்கையாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்று எல்லாம் தயாராக இருந்தது. தூண்டில்கோல் போல அடுக்கடுக்காக நீளும் கருவி, முழுதாக நீட்டினால் 22 மீட்டர். அதைப் பின்னாலிருந்து தள்ள ஐந்து குழாய்கள். தொடங்கப் போகும் நேரத்தில்தான் பார்த்தார்கள், குழாய்கள் வரிசை மாறி அடுக்கப்பட்டிருந்தன. வேலை அன்றே நின்றது. துணுக்கு கைக்கு வந்தது நவம்பரில். எடை 0.7 கிராம். மூன்று உலைகளிலும் சேர்த்து உள்ளே கிடப்பது ஏறத்தாழ 880 டன் என்பது மதிப்பீடு.

கருவியின் நுனி எப்படி வளையும், எங்கே இறங்கும் என்பதெல்லாம் பல முறை ஒத்திகை பார்க்கப்பட்டவை. சறுக்கியது குழாய் அடுக்குகிற இடத்தில். முழுக் கவச உடையில், கதிர்வீச்சு அதிகமுள்ள இடத்தில், சீக்கிரம் முடித்துவிட்டு வெளியேற வேண்டிய அவசரத்தில் செய்த வேலை அது. பழைய அணு நிலையங்களைக் கலைப்பதற்குக் கணினி மாதிரி செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ரோபோவில்தான் ஆசை வைக்கிறார்கள். சாரம் கட்டுவதை, குழாய் தூக்குவதை, ஈயப் போர்வை போர்த்துவதை யாரும் மாதிரியில் சேர்ப்பதில்லை. இந்த வழிகாட்டி அந்தச் சலிப்பான வேலைகளின் பக்கம் நின்று எழுதப்பட்டது.

இதற்கு நல்ல உதாரணம் ஜப்பானின் ஃபூகன் உலை. ஃபுகுய் மாகாணத்தில் சுருகா கடற்கரையில் இருக்கிறது. 165 மெகாவாட். 1978இல் முதன்முதலாக இயக்கநிலை எட்டியது, 2003 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. (பெயர் ஒரு போதிசத்துவருடையது. ஃபூகன் என்றால் சமந்தபத்திரர். அதே ஊரில் இருக்கும் மோஞ்சு உலைக்கு மஞ்சுஸ்ரீயின் பெயர். இரண்டுமே இப்போது கலைப்புப் பட்டியலில்.) இதைக் கலைக்கத் திட்டமிடும்போது 1999 வாக்கிலேயே நார்வேயின் ஹால்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து ‘விஆர்டோஸ்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். முப்பரிமாண அறைக்குள் ஒரு பொம்மைத் தொழிலாளியை நடக்கவிட்டால், அவர் உடல் எவ்வளவு கதிர்வீச்சை வாங்குகிறது என்று அது கணக்குச் சொல்லும். விசித்திரம் என்னவென்றால், அந்த ஹால்டன் ஊரில் பாறையைக் குடைந்து கட்டியிருந்த ஆய்வு உலையும் 2018இல் நிரந்தரமாக மூடப்பட்டது. பிறர் வீட்டைப் பிரிக்கக் கருவி செய்து கொடுத்தவர்கள் இப்போது தங்கள் வீட்டையே பிரிக்க வேண்டிய நிலை.

படி 1: மென்பொருளைத் திறப்பதற்கு முன் கேள்வியை எழுதுங்கள்

மாதிரியிடம் கேட்கக்கூடியவை மூன்று வகை. இந்தப் பொருள் இந்த வழியாக வெளியே போகுமா என்பது இடம் பற்றிய கேள்வி. இந்த வேலையில் யார் எவ்வளவு டோஸ் (உடல் வாங்கும் கதிர்வீச்சு அளவு) வாங்குவார் என்பது இரண்டாவது. எத்தனை பெட்டிக் கழிவு, எத்தனை ஆள்நாள், எவ்வளவு பணம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மாதிரி போதாது. முதலாவதற்கு மில்லிமீட்டர் துல்லியம் வேண்டும். இரண்டாவதற்கு உருவம் தோராயமாக இருந்தாலும் போதும், ஆனால் எந்தச் சுவர் எத்தனை சென்டிமீட்டர், எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். மூன்றாவதற்குப் படமே தேவையில்லை. எடை, பொருள், கதிரியக்க வகை ஆகியவை கொண்ட ஒரு நல்ல பட்டியல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

“முழு நிலையத்தையும் டிஜிட்டல் இரட்டையாக்குவோம்”, அதாவது அப்படியே கணினியில் பிரதியெடுப்போம் என்று ஆரம்பிக்கும் திட்டங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு அறை, ஒரு வேலை, ஒரு கேள்வி என்று தொடங்குங்கள்.

படி 2: இருப்பதை அளந்து கொள்ளுங்கள்

ஐம்பது வருடத்துக்கு முந்தைய நிலையத்துக்கு வரைபடங்கள் உண்டு. கையால் வரைந்தவை, நீல அச்சில், சில சமயம் மூன்று பதிப்புகளில். அவை சொல்வது கட்ட நினைத்ததை. கட்டியது வேறு. அதன்பின் முப்பது வருடப் பராமரிப்பில் சேர்த்த தாங்கிகள், மாற்றிய வால்வுகள், சுற்றிப் போன கேபிள்கள் எதுவும் வரைபடத்துக்குள் வந்திருக்காது.

அதனால் லேசர் ஸ்கேனர். முக்காலியில் நிறுத்தினால் சுற்றிலும் கதிர் சுழற்றி, கோடிக்கணக்கான புள்ளிகளைப் பதிந்து தரும். இதைப் புள்ளிமேகம் என்கிறோம். ஒரு அறைக்குள் சில மில்லிமீட்டர் பிசகுக்குள் அளவு கிடைத்துவிடும். பிரச்சினை வேறு இடத்தில். லேசர் நேர்க்கோட்டில் போவது, குழாய்க்குப் பின்னால் இருப்பதை அது பார்க்காது. பல இடங்களில் நிறுத்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒருவர் அறைக்குள் போய்வர வேண்டும், அவர் வாங்கும் டோஸும் திட்டத்தின் கணக்கில்தான் சேரும். எங்கெங்கே முக்காலி வைப்பது என்பதையே பழைய வரைபடத்தை வைத்து முதலில் கணினியில் முடிவு செய்துவிட்டு உள்ளே போவது நல்லது.

புள்ளிமேகத்தை முழுவதுமாக முப்பரிமாண வடிவமாக மாற்றாதீர்கள். இது புதியவர்கள் பணத்தை வீணடிக்கும் முதல் இடம். வெட்டப் போகும் பொருள், அதைத் தாங்குவது, அது போகும் பாதை, கதிர்வீச்சைத் தரும் பொருள், தடுக்கும் பொருள்: இந்த ஐந்தையும் வடிவமாக்குங்கள். மற்றவை புள்ளிகளாகவே பின்னணியில் இருக்கட்டும். இடிக்கிறதா என்று சோதிக்க அதுவே போதும்.

ஸ்கேனர் காட்டாதவை சில உண்டு: காப்புறைக்குள் இருக்கும் குழாயின் உண்மையான விட்டம், கான்கிரீட்டுக்குள் புதைந்த வடிகால், தொட்டியின் அடியில் படிந்த சேறு. இதற்கெல்லாம் அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்களைத் தேடிப் போக வேண்டும். “அந்த வால்வு 1980களில் ஒருமுறை கசிந்தது, தரையைச் சுரண்டி மேலே பெயின்ட் அடித்தோம்” என்று ஒருவர் சொல்லும் ஒரே வரி, இரண்டு வாரப் பரிசோதனையை மிச்சப்படுத்தும். அவர்களை அறையின் படத்துக்கு முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். வெறும் பேட்டியில் வராத நினைவு படத்தைப் பார்த்தால் வரும். சொன்னதை அந்த இடத்திலேயே மாதிரியில் குறிப்பாக ஒட்டிவிடுங்கள்.

படி 3: கதிர்வீச்சு எங்கிருந்து வருகிறது?

எரிபொருளை வெளியேற்றியவுடனேயே நிலையத்தின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு போய்விடும். மிச்சம் இருப்பது இரண்டு விதம், இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

ஒன்று, நியூட்ரான் பட்டுப் பட்டு உலோகமும் கான்கிரீட்டும் தாமே கதிரியக்கமாக மாறியது. இதைக் கழுவ முடியாது, பொருளின் உள்ளேயே இருக்கிறது. இதைக் கணக்கிட இரண்டு மென்பொருள்கள் கைகோர்க்கும். நியூட்ரான்கள் எங்கெங்கே எவ்வளவு போயின என்பதை எம்சிஎன்பி போன்ற ஒன்று சொல்லும். அதை வாங்கி, இத்தனை வருடம் ஓடி இத்தனை வருடம் நின்ற பின் எந்த ஐசோடோப்பு (ஒரு தனிமத்தின் குறிப்பிட்ட அணு வகை) எவ்வளவு இருக்கும் என்பதை ஆரிஜென் போன்ற ஒன்று சொல்லும். கணக்கு சரியாக வருமா என்பது பொருளில் கலந்திருக்கும் அசுத்தங்களைப் பொறுத்தது. எஃகில் கோபால்ட் எத்தனை பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று கட்டிய காலத்தில் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் கலைக்கிறவருக்குக் கோபால்ட்-60 தான் முதல் எதிரி. கான்கிரீட்டில் யூரோப்பியம் அதே மாதிரி. மாதிரித் துண்டு எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் பாடநூல் எண்ணைப் போட்டால், விடை பல மடங்கு தப்பலாம்.

இன்னொன்று, நீரோடு வந்து படிந்த அழுக்கு. குழாய் வளைவுகளில், வால்வுகளின் வயிற்றில், நீரோட்டம் இல்லாத முட்டுக்குழாய்களில் சேரும். சமையலறைத் தொட்டிக் குழாயில் எங்கே அடைக்கிறதோ, ஏறத்தாழ அதே இடங்கள். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது கடினம், அளக்கத்தான் வேண்டும். அறை முழுக்க ஒரு மீட்டர் இடைவெளியில் டோஸ் அளவு, சந்தேகமான இடங்களில் தொட்டும் முப்பது சென்டிமீட்டர் தள்ளியும் இரண்டு அளவு, முடிந்தால் காமா கேமரா. காமா கேமரா சாதாரணப் படத்தின் மேல் கதிர்வீச்சை வண்ணத் திட்டாகக் காட்டும். அழகாக இருக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரே படத்தில் தெரியாது. இரண்டு மூன்று கோணங்களில் எடுத்தால்தான் முன்னால் இருக்கும் குழாயா, பின்னால் இருக்கும் தொட்டியா என்று பிரியும்.

அளந்த எண்களிலிருந்து மூலங்களைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படியின் கடினம். அறையின் நடுவில் மணிக்கு 0.3 மில்லிசீவர்ட் (டோஸின் அலகு) என்றால், அது பக்கத்தில் உள்ள சின்ன மூலமாகவும் இருக்கலாம், தூரத்தில் உள்ள பெரிய மூலமாகவும் இருக்கலாம். கணினி ஏதாவது ஒரு விடையை நம்பிக்கையோடு கொடுத்துவிடும். அளவீடுகளில் ஐந்தில் ஒன்றைக் கணினிக்குக் காட்டாமல் ஒளித்து வைத்துக் கொள்ளுங்கள். விடை வந்தபின் அந்த இடங்களில் அது என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டு மடங்குக்குள் பொருந்தினால் தொடரலாம். இல்லையென்றால் எங்கோ ஒரு மூலம் விடுபட்டிருக்கிறது.

எண்ணோடு தேதியையும் எழுதுங்கள். கோபால்ட்-60இன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 வருடம். 2003இல் அதிலிருந்து மணிக்கு 1 மில்லிசீவர்ட் வந்த இடத்தில் 2023இல் 0.07தான் வரும். அதே அளவு சீசியம்-137இலிருந்து வந்திருந்தால், அதன் அரைவாழ்வு 30 வருடம் என்பதால், 0.63 மிச்சம் இருக்கும். எந்த ஐசோடோப்பு, எந்த நாள் என்ற இரண்டும் இல்லாத டோஸ் வரைபடம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

இங்கேதான் “இன்னும் முப்பது வருடம் பூட்டி வைத்தால் என்ன?” என்ற வாதமும் வருகிறது. கோபால்ட் குறையும், உண்மைதான். நிக்கல்-63 (ஏறத்தாழ 100 வருடம்), நியோபியம்-94 (ஏறத்தாழ 20,000 வருடம்) போன்றவை அப்படியே நிற்கும். எளிதில் அளக்க முடிகிற கோபால்ட் மறைந்து, அளக்கக் கடினமானவை மட்டும் மிஞ்சும். விஷயம் தெரிந்தவர்களும் அதற்குள் இருக்க மாட்டார்கள்.

படி 4: டோஸ் கணக்குக்கு எந்த முறை?

மாண்டி கார்லோ முறை, கோடிக்கணக்கான துகள்களை ஒவ்வொன்றாகப் பகடை உருட்டி அனுப்பிப் பார்க்கும். உடல்நலமில்லாமல் படுத்திருந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் 1946இல் தனியாகச் சீட்டு விளையாடியபோது தோன்றிய யோசனை இது. பெயர் சூதாட்ட விடுதியிலிருந்து வந்தது. சுவரில் மோதித் திரும்புவது, இடுக்கு வழியாகக் கசிவது எல்லாம் இதில் சரியாக வரும். ஆனால் மெதுவானது.

புள்ளிக்கரு முறை எளியது. மூலத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தொழிலாளி நிற்கும் இடத்துக்கு நேர்க்கோடு போட்டு, இடையில் எத்தனை சென்டிமீட்டர் எஃகு, எத்தனை சென்டிமீட்டர் கான்கிரீட் என்று பார்த்துக் குறைத்துக் கூட்டும். சிதறி வருவதற்கு ஒரு திருத்தக் காரணி. விடை நொடியில் வரும். பெல்ஜியத்தின் மோல் நகர அணு ஆய்வு மையம் உருவாக்கிய விசிபிளான் இந்த வகை. அதைப் பயன்படுத்தியது பிஆர்3 உலையில். மேற்கு ஐரோப்பாவின் முதல் அழுத்தநீர் உலை அது, 1962 முதல் 1987 வரை ஓடியது.

நடைமுறையில், வேலைத் திட்டத்துக்குப் புள்ளிக்கரு; தடித்த சுவருக்குப் பின்னாலோ, வளைந்து செல்லும் நுழைவழியிலோ, நீருக்கடியிலோ மாண்டி கார்லோ. பத்து விதமான திட்டங்களை ஒரே மதியத்தில் ஒப்பிட வேண்டுமென்றால் வேகம்தான் முக்கியம். கையால் சரிபார்க்க ஒரு எண் நினைவில் இருக்கட்டும்: கோபால்ட்-60இன் காமா கதிர்வீச்சைப் பாதியாக்க ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும், கான்கிரீட் என்றால் 6 சென்டிமீட்டர். உங்கள் மாதிரி 12 மில்லிமீட்டர் ஈயத்தில் பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்று சொன்னால், எங்கோ பொருளின் அடர்த்தியைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள்.

படி 5: வேலையைக் காட்சி காட்சியாக எழுதுங்கள்

இதுதான் நடுநாயகம். ஒரு சின்னக் கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் என் கற்பனை, முறை உண்மையானது.

ஒரு அறை. நாலு மீட்டர் குழாய் ஒன்றை வெட்டி எடுக்க வேண்டும். நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு வால்வு, அதுதான் ‘சூடான’ இடம், அதாவது கதிர்வீச்சு மிக அதிகம். வேலைகள்: சாரம் கட்ட 2 பேர், 2 மணி நேரம், மணிக்கு 0.15 மில்லிசீவர்ட். காப்புறை உரிக்க 2 பேர், ஒன்றரை மணி, 0.3. நாலு வெட்டு வெட்ட 2 பேர், 3 மணி, 0.4. மேற்பார்வையாளர் ஆறரை மணி நேரமும் கதவோரம், 0.1. பெருக்கிக் கூட்டினால் 0.6, 0.9, 2.4, 0.65, மொத்தம் 4.55 மனித-மில்லிசீவர்ட் (எல்லோருடைய டோஸையும் கூட்டிய எண்).

இரண்டாவது திட்டம்: முதலில் வால்வின் மேல் ஈயப் போர்வை. போர்த்த 2 பேருக்கு 20 நிமிடம், ஆனால் வால்வோடு ஒட்டி நின்று, மணிக்கு 0.6, அதற்கு 0.4 செலவு. அதன்பின் மற்ற இடங்களில் அளவு 0.10, 0.17, 0.22, 0.07 என்று இறங்குகிறது. மொத்தம் 3.1 வாக்கில் வரும். ஆக 0.4 கொடுத்து ஒன்றரை மிச்சம் பிடித்திருக்கிறோம்.

மூன்றாவது: வால்வையே முதலில் வெட்டி வெளியேற்றிவிடுவது. சாரம் பழையபடி 0.6. வால்வைச் சுற்றி மட்டும் அரை மணி உரிக்க 0.45, ஒட்டி நின்று இரண்டு வெட்டு ஒன்றரை மணியில் 1.8. வால்வு போனபின் அறையே குளிர்ந்துவிடும், மிச்ச வேலை மணிக்கு 0.08இல் நடக்கும். மேற்பார்வையாளரையும் சேர்த்தால் மொத்தம் 3.8 வாக்கில். போர்வைத் திட்டத்தைவிட அதிகம்தான். அதே அறையில் இன்னும் எட்டுக் குழாய்கள் காத்திருக்கின்றன என்று வையுங்கள். அப்போது ஒவ்வொரு குழாய் வேலையிலும் அந்த 0.08 திரும்பத் திரும்ப லாபம் தரும், மூன்றாவது திட்டம் முந்திவிடும். ஒரு குழாய்க்கு எது சரி என்று கேட்டால் ஒரு விடை, அறைக்கு எது சரி என்று கேட்டால் வேறு விடை. மாதிரி இல்லாமல் இதைக் கூட்டத்தில் உட்கார்ந்து வாதாடினால், குரல் பெரியவர் ஜெயிப்பார்.

மொத்தத்தோடு தனிநபரையும் பாருங்கள். மூன்றாவது திட்டத்தில் வெட்டுகிற இருவர் தலையில்தான் பாதி டோஸ் விழுகிறது. உலக அளவில் தொழிலாளிக்கு வருடத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட், ஐந்து வருடத்தில் 100 என்பது வரம்பு. ஒரே வருடத்தில் 50ஐத் தாண்டக் கூடாது. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அந்த ஒரு வருட உச்சத்தை 30 என்று இன்னும் இறுக்கி வைத்திருக்கிறது. வெட்டத் தெரிந்த ஆள் உங்களிடம் நாலு பேர்தான் என்றால், அவர்களுடைய வருடக் கணக்குதான் திட்டத்தின் உண்மையான கால அட்டவணை.

நேர மதிப்பீட்டை வெட்டுகிறவரிடமே கேளுங்கள். கவச உடையில், முகமூடியோடு, மூன்று அடுக்குக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு நட்டைக் கழற்ற எவ்வளவு நேரம் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஃபுகுஷிமாவில் குழாய்களின் வரிசை மாறியதும் இப்படிப்பட்ட இடத்தில்தான். ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும் ‘சரிபார்த்தல்’ என்று தனியாக ஒரு வேலையைப் போட்டு, அதற்கு ஆள், இடம், நிமிடம், டோஸ் ஒதுக்குங்கள். ஒதுக்காத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

படி 6: எதனால் வெட்டுவது, எத்தனை துண்டு?

அதிகம் வெட்டினால் அதிக நேரம், அதிக டோஸ், ஆனால் பெட்டியில் நெருக்கமாக அடுக்கலாம். குறைவாக வெட்டினால் பெட்டிகள் பாதி காலியாகப் போகும், கழிவுக் கிடங்கில் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டும். பெட்டிக்கு எடை வரம்பும் உண்டு, வெளிப்பக்க டோஸ் வரம்பும் உண்டு. மிகச் சூடான துண்டுகளை நடுவிலும் குளிர்ந்தவற்றை ஓரத்திலும் அடுக்கினால் குளிர்ந்தவையே தடுப்பாகிவிடும். இதைக் கணினியில் ஆயிரம் விதமாக அடுக்கிப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் தீவிரமான விடையை அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் இருந்த ட்ரோஜன் நிலையத்தில் பார்க்கலாம். உலைக் கலத்தை வெட்டவே இல்லை. உள்பாகங்களோடு ஒரே உருப்படியாக 1999இல் படகில் ஏற்றி, கொலம்பியா ஆற்று வழியே ஹான்ஃபோர்டு கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஆறும் கிடங்கும் பக்கத்தில் இருந்ததால் முடிந்தது.

வெட்டும் கருவியை மாதிரியில் வெறும் கோடாகப் போடாதீர்கள். அதற்கு ஒரு அகலம் உண்டு, அந்த அகலத்திலிருந்த உலோகம் தூளாக நீரிலோ காற்றிலோ கலக்கிறது, அதை வடிகட்டும் வடிகட்டியும் கழிவுதான். பிஆர்3இல் 1991இல் உலையின் வெப்பக் கவசத்தை பிளாஸ்மா, மின்பொறி அரிப்பு, சாதாரண இயந்திர அறுப்பு என மூன்று முறையிலும் வெட்டி ஒப்பிட்டார்கள். மெதுவான இயந்திர அறுப்பே பிறகு விருப்பமானதாயிற்று. தூளும் புகையும் குறைவு என்பதுதான் காரணம். ஃபூகனின் கருவில் 224 அழுத்தக் குழாய்கள், சிர்கோனியம் கலவையால் ஆனவை. சிர்கோனியத் தூள் தீப்பற்றக் கூடியது. அங்கே நீருக்கடியில் லேசரால் வெட்டும் திட்டத்துக்குப் போனார்கள்.

(கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலைகளிலும் அழுத்தக் குழாய் அமைப்புதான், ஒவ்வொன்றிலும் 306 குழாய்வழிகள். 2000களின் தொடக்கத்தில் அவற்றை மொத்தமாக மாற்றினார்கள். அது கலைப்பு வேலை இல்லை, ஆனால் அதே நெருக்கடியான இடத்தில், அதே டோஸ் கணக்கோடு நடந்தது. அந்த வேலை நேரப் பதிவுகள் நாளை அந்த உலைகளைக் கலைக்கத் திட்டமிடுகிறவருக்குத் தங்கம்.)

படி 7: காலத்தைச் சேர்த்தல்

முப்பரிமாணத்தோடு நாள்காட்டியை இணைத்து ஓடவிட்டால் நான்காவது பரிமாணம். இதில் தேட வேண்டியவை குறைவு: ஒரே நாளில் ஒரே கிரேனை இருவர் கேட்கிறார்களா, முதல் குழு கழற்றிய தாங்கி இரண்டாவது குழுவின் குழாயைத் தாங்கிக் கொண்டிருந்ததா, காற்றோட்டக் குழாயை அது இன்னும் தேவைப்படும்போதே வெட்டிவிடுகிறோமா, வெட்டிய துண்டுகளுக்குக் கிடங்கில் இடம் இருக்கிறதா. பெரும்பாலும் கழுத்தை நெரிப்பது கடைசிக் கேள்விதான். வெட்டும் வேகத்தைக் கூட்டி ஒரு பயனும் இல்லை, பெட்டிகளை அளந்து வகைப்படுத்தும் மேசை ஒன்றே ஒன்றாக இருந்தால்.

படி 8: ஒத்திகை

தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளுக்கு மாயத்தோற்ற (விஆர்) அறை உதவும். ஃபுகுஷிமாவுக்காக நராஹா ஊரில் ஜப்பானிய அணுசக்தி முகமை கட்டிய மையத்தில் அந்த வசதியும் இருக்கிறது, உலைக் கட்டடத்தின் ஒரு பகுதியை முழு அளவில் கட்டிவைத்த மாதிரியும் இருக்கிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பது தற்செயல் இல்லை. கணினியில் கேபிள் சிக்காது, விளக்கு நீராவியில் மங்காது, போல்ட் துருப்பிடித்து இறுகாது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில், முடிக்கப்படாமலே நின்றுபோன உலைகளின் கதிரியக்கமில்லாத உண்மையான பாகங்களை வைத்தே தொலைவிலிருந்து வெட்டிப் பழகினார்கள். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. பழைய இரும்புக்கடையில் வாங்கிய குழாயிலாவது ஒருமுறை வெட்டிப் பாருங்கள்.

கையால் செய்யும் வேலைக்கு மாயத்தோற்றத்தைப் பயிற்சியைவிடப் பேச்சுக்காகவே நான் சிபாரிசு செய்வேன். வெட்டுநர், கதிர்வீச்சுக் காவலர், கிரேன் இயக்குபவர் மூவரையும் ஒரே திரைக்கு முன் உட்கார வைத்துக் காட்சியை ஓட்டுங்கள். தரையில் டோஸ் வண்ணங்களாகத் தெரியட்டும். “நான் ஏன் அங்கே நிற்கணும்? இந்தப் பக்கம் நின்னே பிடிக்கலாமே” என்று ஒருவர் சொல்லும் இடத்தில்தான் திட்டம் மேம்படுகிறது. காத்திருக்கும் நேரத்தில் எங்கே போய் நிற்பது என்று தெரிந்துகொள்வது மட்டுமே பல வேலைகளில் கணிசமான டோஸைக் குறைத்துவிடும்.

படி 9: முதல் வெட்டு விழுந்தபின்

தொழிலாளிகள் அணியும் மின்னணு டோஸ்மானி நிமிடத்துக்கு நிமிடம் பதிகிறது. அதை அன்று மாலையே கணிப்போடு ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் இரண்டில் ஒன்றுதான்: அளவு தவறு அல்லது நேரம் தவறு. மணிக்கான அளவு பொருந்தி மொத்தம் மட்டும் அதிகம் என்றால், வேலை இழுத்துவிட்டது. படி 5க்குப் போங்கள். நேரம் பொருந்தி அளவு அதிகம் என்றால், தெரியாத மூலம் ஒன்று இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டுப் படி 3.

ஜப்பானியர்களின் பலம் இந்தப் பதிவில்தான். டோக்காய் ஊரில் 1963இல் அந்நாட்டுக்கு முதல் அணு மின்சாரம் தந்த ஜேபிடிஆர் உலையை 1986 முதல் 1996 வரை பிரித்து வெறும் தரையாக்கினார்கள். எந்த வேலைக்கு எத்தனை ஆள்மணி ஆனது என்ற பதிவுகளை ‘காஸ்மார்ட்’ என்ற கணிப்பு மென்பொருளோடு சேர்த்தார்கள். அந்த அனுபவம் ஃபூகனுக்குப் போயிற்று. 2008இல் கலைப்புத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்ததும் நேரே கருவில் கைவைக்காமல், டர்பைன் கட்டடத்தின் நீர்ச் சூடேற்றிகள் போன்ற எளிய உருப்படிகளில் தொடங்கி, கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துச் சூத்திரங்களைத் திருத்திக் கொண்டார்கள். உங்கள் நிலையத்திலும் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த ஆபத்துள்ள ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

கோப்புகள்

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. ஒரு நிலையத்தைக் கலைக்க இருபது, முப்பது வருடம் ஆகலாம். நீங்கள் இன்று வாங்கும் மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் இருக்காது. புள்ளிமேகத்தை எந்த நிரலும் படிக்கக்கூடிய திறந்த வடிவத்தில் ஒரு பிரதி வையுங்கள். டோஸ் அளவுகளைச் சாதாரண எழுத்துக் கோப்பில், ஒரு வரிக்கு ஒரு அளவு: இடம், உயரம், கருவி, அளந்த நாள், எண், அலகு. ஓய்வு பெற்றவர்கள் சொன்ன குறிப்புகளையும் அதே போல. மாதிரியில் எந்தச் சுவர் அளந்தது, எந்தச் சுவர் ஊகித்தது என்பதை வேறு வேறு நிறத்தில் காட்டி, நிறத்தின் பொருளையும் அந்தக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். அடுத்து வருகிறவர் அந்த ஊகித்த சுவரின் பக்கம் தொழிலாளியை நிறுத்தப் போகிறார்.